கல்லில் சிவக்கும் தோசையும் கண்ணுக்குள் சேரும் சர்க்கரையும்

தோசை மாவில் ஒரு சிட்டிகை சீனி போட்டால் முறுகல் சீக்கிரம் சிவக்கும். ஓட்டல் மாஸ்டர் யாரைக் கேட்டாலும் சொல்வார். மாவில் இருக்கும் புரதமும் சர்க்கரையும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நிறமும் மணமும் உள்ள வேறு பொருள்களாக மாறிவிடுகின்றன. லூயி கமீல் மெய்யார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-இல் இந்த வேதிவினையை விவரித்தார். இன்றும் அவர் பெயரில்தான் அது வழங்குகிறது. சிவந்த தோசையை ஆற வைத்தாலும் வெளுக்காது, எலுமிச்சை பிழிந்தாலும் வெளுக்காது. எந்தச் சட்னியை ஊற்றினாலும் அடியில் இருக்கும் நிறம் அப்படியேதான் இருக்கும்.

இதே வினை நம் உடம்புக்குள்ளும் நடக்கிறது. கல்லில் இரண்டு நிமிடத்தில் முடிவது, உடம்பின் 37 டிகிரிச் சூட்டில் மாதக் கணக்கிலும் வருடக் கணக்கிலும் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் வழியில் அகப்படும் புரதத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை நோயாளிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனை இந்த ஒட்டலைத்தான் அளக்கிறது. சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் அதிலுள்ள ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதே அந்த எண். ரிப்போர்ட்டில் 9 என்று வந்தால், மூன்று மாதமாக மாவில் சீனி அதிகம் என்று பொருள். பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து லேபுக்குப் போகிறவர்களை இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

தோசை சிவப்பதை மூன்று விஷயம் தீர்மானிக்கிறது: மாவில் எவ்வளவு சீனி, கல்லில் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம். உடம்பில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. மிச்சம் சர்க்கரையும் காலமும். சிவப்பணுவாவது நான்கு மாதத்தில் அழிந்து புதிதாகப் பிறக்கிறது. அதன் கறை அதோடு போய்விடும். கண்ணில் இருக்கும் சில புரதங்களுக்கு அந்த வசதி கிடையாது. கண் லென்ஸின் நடுப்பகுதியில் உள்ள புரதம் நாம் தாய் வயிற்றில் இருந்தபோது உண்டானது; கடைசிவரை அதேதான். ரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள கொலாஜன் புரதமும் எளிதில் மாறுவதில்லை. பழசே கல்லில் கிடக்கிறது, வருடக் கணக்காக.

லென்ஸில் நடப்பதை நோயாளியே உணரலாம். சர்க்கரை ஏறி இறங்கும்போது லென்ஸ் நீரை உறிஞ்சி உப்பும், பிறகு வற்றும். அதனால்தான் சிலருக்குப் போன மாதம் போட்ட கண்ணாடி இந்த மாதம் ஒத்து வருவதில்லை. சர்க்கரை கட்டுக்குள் வராமல் புதுக் கண்ணாடிக்கு அளவு எடுப்பது காசுக்குக் கேடு. கண்புரையும் இவர்களுக்குச் சில வருடம் முன்னதாகவே வந்து நிற்கும். ஆனால் புரையை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்துவிடலாம். பயப்பட வேண்டியது அதற்குப் பின்னால் இருப்பதைக் கண்டுதான்.

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை, அதன் எடைக்கு உடம்பிலேயே அதிகமாக ஆக்சிஜன் செலவழிக்கும் திசுக்களில் ஒன்று. அந்தப் பசிக்குத் தீனி கொண்டுவருபவை முடியைவிட மெல்லிய ரத்த நுண்குழாய்கள். குழாயின் வெளிப்புறத்தைப் பெரிசைட் என்ற செல்கள் கட்டிப் பிடித்திருக்கும். வருடக் கணக்கில் சர்க்கரை மிகுந்தால் முதலில் சாவது இந்தச் செல்கள். பிடி விட்ட இடத்தில் குழாய் ஊசிமுனை அளவுக்குப் புடைக்கும். புடைத்த இடம் கசியும். கசிந்த நீரும் கொழுப்பும் மாக்குலாவில் தேங்கினால் எழுத்து கலங்கும். மாக்குலா என்பது விழித்திரையின் நடுவில் இருக்கும், படிக்கவும் முகம் அடையாளம் காணவும் உதவும் சிறு பகுதி. இன்னொரு பக்கம் சில குழாய்கள் அடைத்துப் போகும். தீனி கிடைக்காத விழித்திரை வெஜ்எஃப் என்ற வேதிப்பொருளைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கும். அவசரத்தில் முளைக்கும் அந்தக் குழாய்கள் நோஞ்சான்கள்; ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். அன்றைக்குத்தான் பலர் முதல்முறையாகக் கண் டாக்டரைத் தேடி வருகிறார்கள்.

புரதம் சிவப்பது மட்டுமே இத்தனைக்கும் காரணம் என்று சொல்லவில்லை. மிகுந்த குளுக்கோஸ் செல்லுக்குள் சார்பிட்டால் என்ற வேறு பொருளாக மாறித் தேங்குவது, ஆக்சிஜன் கழிவுகள் பெருகுவது, உள்ளழற்சி, ரத்த அழுத்தம் எல்லாம் கைகோத்து நடப்பவை. ஆனால் எல்லாவற்றுக்கும் தலைவாசல் ஒன்றுதான்: மிகுந்த சர்க்கரை, நீண்ட காலம். இதில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது, உறுத்தல் கிடையாது. மாக்குலாவைத் தொடாதவரை பார்வை 6/6 இருந்துகொண்டே உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

இந்த நோயைப் பற்றி நாம் வெளியூர்க் கணக்கைக் கடன் வாங்க வேண்டியதில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-இல் தேனியில் கிளை திறந்தது. தேனி மாவட்டத்தில் 30 வயது தாண்டிய சுமார் 26,000 பேரைப் பரிசோதித்து, அரவிந்தின் விழித்திரை நிபுணர் டாக்டர் பெ. நம்பெருமாள்சாமியும் குழுவினரும் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. நோய் வந்து எத்தனை வருடம் ஆகிறதோ அத்தனைக்கு ஆபத்து கூடியது. சர்க்கரை என்பது சென்னைக்காரர் நோய், பட்டணத்து நோய் என்று பேசிய காலம் முடிந்துவிட்டதை வாழையும் நெல்லும் விளையும் ஊர்க் கணக்கே சொல்லிவிட்டது.

இனி மருந்துக் கடைக்கு வருவோம். “அண்ணே, சர்க்கரைக்குக் கண்ணு மங்குதுன்னு சொல்றாங்க. சத்து மாத்திரை ஏதாச்சும் இருந்தா குடுங்க.” கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் லூட்டீன், ஸீயாசாந்தின், துத்தநாகம், வைட்டமின் சி, ஈ எல்லாம் கலந்த மாத்திரை. டப்பாவில் பளிச்சென்று ஒரு கண் படம் இருக்கும். பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி அது. விற்பவரே ஒப்புக்கொண்டு அச்சடித்திருக்கிறார்.

இந்தக் கலவை மோசடி அல்ல. அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் நடத்திய ஆரெட்ஸ் ஆய்வு 2001-இலும், அதன் இரண்டாம் பாகம் 2013-இலும் வெளிவந்தன. முதுமையால் மாக்குலா தேயும் நோயில், அதுவும் நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கு, இந்த வகைக் கலவை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தியது. லூட்டீன் 10 மில்லிகிராம், ஸீயாசாந்தின் 2 மில்லிகிராம் என்ற அளவு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அது வேறு நோய். முதுமை மாக்குலாவுக்குச் சோதித்த மாத்திரையைச் சர்க்கரைக் கண்ணுக்கு விற்கிறார்கள். சர்க்கரை விழித்திரை நோயைத் தடுத்ததாக இந்தக் கலவைக்கு அப்படி ஒரு பெரிய சோதனையின் சான்று இல்லை. பழைய கலவையில் இருந்த பீட்டா கரோட்டினைப் பற்றி ஒரு வார்த்தை: புகைப்பவர்களுக்கு மாத்திரையாகக் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியது என்று ஃபின்லாந்தில் 1994-இல் தெரியவந்தது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் டப்பாவில் அந்தப் பெயரைப் பார்த்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினால் அந்தக் கெடுதல் இல்லை.

பொன்னாங்கண்ணி தின்றால் பகலிலேயே நட்சத்திரம் தெரியும் என்பார்கள் நம் பெரியவர்கள். கீரைக்கு இந்தப் பெயர் சும்மா வரவில்லை. அது மாலைக்கண்ணை விரட்டிய காலத்துப் புகழ். வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் அந்தி மயங்கும்போது கண் தெரியாது. பிறகு கருவிழி உலர்ந்து, குழந்தையின் பார்வையே போகும். அரவிந்த் மருத்துவர்கள் திருச்சி மாவட்டக் கிராமங்களில் குழந்தைகளுக்கு வாரம் ஒரு சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்து 1990-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைச் சாவே பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அந்த நோய்க்குக் கீரை மருந்து, முருங்கை மருந்து, மஞ்சள் நிறப் பப்பாளியும் மருந்து. குறைந்ததை நிரப்பினால் குணம் வரும். சர்க்கரைக் கண்ணில் எதுவும் குறையவில்லை, ஒன்று மிகுந்திருக்கிறது. அங்கேதான் பாட்டி வைத்தியமும் வாட்ஸ்அப் வைத்தியமும் வழி தவறுகின்றன.

அதற்காகக் கீரையைக் கைவிடச் சொல்லவில்லை. தினம் ஒரு கீரை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. விழித்திரை நடுவில் மஞ்சளாகப் படிந்து நீல ஒளியை மட்டுப்படுத்தும் லூட்டீனை உடம்பால் தயாரிக்க முடியாது. தட்டிலிருந்துதான் போக வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பிகேஎம்-1 முருங்கை இன்று பல நாடுகளில் வளர்கிறது. ஆண்டிபட்டிப் பக்கம் வரப்பெல்லாம் முருங்கைதான். காயை மூட்டை கட்டி ஏற்றிவிட்டு, கீரையை ஆட்டுக்குப் போடுகிற தோட்டங்களும் உண்டு. அதே கீரையின் பொடி, கண்ணாடிப் புட்டியில் பட்டணத்துக் கடையில் பல மடங்கு விலைக்கு நிற்கிறது.

லூட்டீன் கொழுப்பில்தான் கரையும். எனவே கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்து மசித்துச் சாப்பிட்டால் பாதி வீண். ஒரு கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டுத் தாளித்து, வெங்காயம் போட்டு வதக்கி, பாசிப்பருப்பும் கொஞ்சம் தேங்காயும் சேர்த்தால் உடம்பில் ஏறும். முட்டை மஞ்சள் கருவிலும் லூட்டீன் உண்டு. அளவு சிறியதானாலும் கொழுப்போடு சேர்ந்தே இருப்பதால் நன்றாக உறிஞ்சப்படும். முருங்கைக்கீரையை முட்டையோடு பொரிப்பது நம் வீடுகளில் பழகிய பண்டம்தான். கண்ணுக்கு அதைவிடத் தோதான மலிவான கூட்டணி எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதய வால்வுக்காக வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரை அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கீரை, வாழைப்பழம், இளநீர் மூன்றிலும் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். விழித்திரை கெட்டவர்களுக்குச் சிறுநீரகத்தையும் பார்த்துவிடுவது நல்லது. இரண்டும் நுண்குழாய்களால் வாழும் உறுப்புகள். பெரும்பாலும் சேர்ந்தே கெடும்.

அடுத்தது திராட்சை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று கம்பம் பள்ளத்தாக்கு நெடுகப் பந்தல். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. திராட்சைத் தோலில் ரெஸ்வெரட்ரால், விதையில் புரோஆந்தோசயனிடின். இரண்டும் கண்ணுக்கு நல்லது என்று மாத்திரையாக வருகின்றன. ஆய்வகத்து எலிகளில் நல்ல பலன் காட்டியவைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆய்வுகளில் கொடுக்கும் ரெஸ்வெரட்ரால் நூற்றுக்கணக்கான மில்லிகிராம். ஒரு கொத்துத் திராட்சையில் இருப்பதோ ஓரிரண்டு மில்லிகிராம் கூடத் தேறாது. அதற்குள் 100 கிராம் பழத்துக்கு 15 கிராம் அளவில் சர்க்கரை உள்ளே போய்விடும். போதாக்குறைக்கு, பன்னீர் திராட்சையை நாம் தின்னும் விதம் தெரிந்ததுதான்: பிதுக்கிச் சதையை வாய்க்குள் தள்ளி, தோலையும் விதையையும் துப்பிவிடுவோம். மருந்து என்று சொன்ன இரண்டும் மண்ணில், சர்க்கரை மட்டும் வயிற்றில். பத்துப் பதினைந்து பழம் தோலோடு, சாப்பாட்டோடு சேர்க்காமல் தனி நேரத்தில் சாப்பிடலாம், சர்க்கரை கட்டுக்குள் இருந்தால். ஜூஸ் மட்டும் எந்தக் காரணம் சொல்லியும் வேண்டாம்.

நாட்டு மருந்துக் கடைச் சாமான்களில் சிறுகுறிஞ்சானுக்கு ஒரு வேடிக்கை உண்டு. இலையை மென்றுவிட்டு ஒரு கை சீனியை வாயில் போட்டால் மணலைத் தின்பதுபோல இருக்கும்; இனிப்பு உணரும் நாக்கை அது சிறிது நேரம் மரக்கச் செய்துவிடும். ரத்தச் சர்க்கரையையும் கொஞ்சம் இறக்கலாம். பாகற்காய்ச் சாறும் அப்படியே. சிக்கல் எங்கே என்றால், கிளிபென்கிளமைட், கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு, டாக்டரிடம் சொல்லாமல் இதையும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். பொரியலாகப் பாகற்காய் சாப்பிடுவதில் அந்தப் பயம் வேண்டாம். வெந்தயம் நல்ல பண்டம். ஊறிய வெந்தயத்தின் வழுவழுப்பு ஒரு நார்ச்சத்து. அது குடலில் சர்க்கரை ஏறுவதை மெதுவாக்குகிறது. தோசையைச் சிவக்க வைக்கவென்று மாவில் போடும் அதே வெந்தயம், சாப்பிட்டவரின் ரத்தத்தில் எதிர் வேலை செய்கிறது! நெல்லிக்காயை உப்புத் தொடாமல் கடித்துத் தின்னலாம். தேனில் ஊறிய நெல்லி என்பது மிட்டாய். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் விழுங்குகிறவர்களுக்குச் சில வகைக் குளுக்கோமீட்டர்கள் தப்பான எண் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மஞ்சளைப் பற்றிப் பேசாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். அதிலுள்ள குர்குமின் அழற்சியைத் தணிக்கும் என்பதற்கு ஆய்வகச் சான்று நிறைய. குழம்பில் போடும் மஞ்சள் யாரையும் கெடுத்ததில்லை. ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான். அதுவும் குடலில் சரியாக ஏறாது. ஏற வைப்பதற்காக மிளகுச் சத்து கலந்து வரும் வீரியமான மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் வீங்கிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பெயர், கலவை எதுவும் அச்சிடாத பொட்டலப் பொடிகள் இன்னும் மோசம். சிலவற்றில் ஆங்கில மருந்தும், சிலவற்றில் ஈயம், பாதரசமும் அகப்பட்டிருக்கின்றன.

மீனில் ஒரு சுவாரசியமான கதை இருக்கிறது. ஸ்பெயினில் சர்க்கரை உள்ள முதியவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தபோது, தினம் 500 மில்லிகிராம் கடல் ஒமேகா-3 கிடைக்குமளவு மீன் சாப்பிட்டவர்களுக்கு, பார்வையைப் பறிக்கும் விழித்திரை நோய் பாதியளவுக்குக் குறைந்திருந்தது. உடனே மீன் எண்ணெய் மாத்திரைக்கு மவுசு கூடியது. பிரிட்டனில் சர்க்கரை உள்ள 15,480 பேரை வைத்து நடந்த அசெண்ட் ஆய்வில், பாதிப் பேருக்குத் தினம் ஒரு கிராம் மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் ஆலிவ் எண்ணெய் கொடுத்தார்கள். கண்ணைப் பொறுத்தவரை இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. மீன் சாப்பிடுகிறவர் தட்டில் வேறு என்ன இருந்தது, எது இல்லாமல் போனது என்பதெல்லாம் மாத்திரைக்குள் அடங்கவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நமக்கு மத்தி மலிவு. வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்தால் போதும். பொரித்தால்தான் இறங்கும் என்பவர்கள் எண்ணெயைக் குறைத்துக் கல்லில் போட்டு எடுங்கள்.

கண்ணுக்கென்று தனி உணவு தேடுவதைவிட, மாவில் விழும் சீனியைக் குறைக்கும் உணவைத் தேடுவதே புத்தி. 1895-இல் கட்டி முடிந்த பெரியாறு அணையால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. நெல் விளையும் ஊரில் மூன்று வேளையும் அரிசி: காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை. முன்பு ஆண்டிபட்டி, வருசநாட்டு மானாவாரிக் காட்டில் விளைந்த சோளமும் கம்பும் குதிரைவாலியும் தட்டிலிருந்து இறங்கிவிட்டன. அவற்றை மறுபடி ஏற்றலாம், ஆனால் முழுசாக வேகவைத்த சோறாக. மைபோல அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் கேழ்வரகும் அரிசி வேகத்திலேயே சர்க்கரையை ஏற்றும். சோற்றின் அளவு பாதி, காய்கறி இரண்டு பங்கு, பருப்போ முட்டையோ மீனோ ஒன்று. முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோறு. இந்த வரிசை மாற்றம் ஒன்றே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும்.

விடியும் முன்பே தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறிக் கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு இந்த உபதேசம் எளிதல்ல. காலை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலை ஏறினால் படபடப்பு; அந்தப் பயத்தில் மாத்திரையையே நிறுத்துகிறவர்கள் உண்டு. வேலை நேரத்தைச் சொல்லி, மாத்திரை நேரத்தை மாற்றித் தரும்படி டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். தோட்டத்திலும் கடையிலும் நாளுக்கு ஐந்து டீ என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி, அதாவது 10 கிராம் சீனி. மொத்தம் 50 கிராம். இதை நிறுத்துவது எந்தக் கண் மாத்திரையையும்விடப் பெரிய மருந்து. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று பெயர் மாற்றுவதால் ரத்தம் ஏமாறாது.

ரத்த அழுத்தத்தைக் கூட்டும் உப்பைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு 1998-இல் காட்டியது இது: சர்க்கரை நோயாளிகளில் ரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் மோசமாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஏற்கனவே பலமிழந்த குழாயில் அழுத்தமும் கூடினால் கசியத்தானே செய்யும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் ஒரே தட்டில் பார்க்கும்போது எனக்குக் கண்தான் நினைவுக்கு வருகிறது.

கட்டுப்பாட்டின் பலன் எவ்வளவு? முதல் வகைச் சர்க்கரை உள்ள 1,441 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த டிசிசிடி ஆய்வு 1993-இல் முடிவு சொன்னது. இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. எந்தக் கீரைக்கும் எந்த டப்பாவுக்கும் இப்படி ஒரு எண் கிடையாது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வெகுகாலம் ஏறிக் கிடந்த சர்க்கரையைச் சடாரென்று இறக்கும்போது, சிலருக்கு முதல் வருடத்தில் விழித்திரை நோய் சற்றுக் கூடும். பிறகு நீண்டகால லாபம் வரும். ஆகவே ஹெச்பிஏ1சி மிக அதிகமாக இருந்து இன்சுலினோ வீரியமான மருந்தோ ஆரம்பிக்கிறவர்கள், அதற்கு முன் ஒருமுறை கண்ணைக் காட்டிவிட வேண்டும்.

கண்ணில் தேன் விடுவது, தாய்ப்பால் பீய்ச்சுவது, வெங்காயச் சாறு பிழிவது எல்லாம் இன்னும் நடக்கிறது. நோய் இருப்பது கண்ணின் பின்சுவரில். முன்னால் விடும் சொட்டு அங்கே போகாது. கருவிழியில் கிருமி பிடித்துப் புண்ணாவதுதான் மிச்சம்.

விழித்திரையைப் பார்க்க வழி, சொட்டு மருந்து விட்டுக் கண் பாவையை விரிப்பதோ, அதற்கென்ற காமிராவில் படம் எடுப்பதோதான். முற்றுமுன் தெரிந்தால் லேசர் இருக்கிறது. வெஜ்எஃபை அடக்கும் ஊசி இருக்கிறது. ரத்தம் கொட்டியபின்னும் அறுவை சிகிச்சை இருக்கிறது. ஆனால் இவை பெரும்பாலும் இருக்கும் பார்வையைக் காக்கும். போனதை முழுதாகத் திருப்பித் தருவது அரிது. தேனி மாவட்டத்துக்கு இதில் வசதி குறைவில்லை. 2000-களின் நடுவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நெடுந்தொலைவு வைஃபை அமைத்து, கிராமத்துக் கண் மையங்களைத் தேனி அரவிந்தோடு இணைத்தார்கள். நோயாளி ஊரிலேயே உட்கார்ந்து, தேனியிலிருக்கும் டாக்டரோடு திரையில் பேசினார்.

விழித்திரையை எப்போது காட்ட வேண்டும்? இரண்டாம் வகைச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை. கர்ப்பமான சர்க்கரை நோயாளிப் பெண்கள் முதல் மூன்று மாதத்துக்குள். சொட்டு விட்டபின் பாவை விரிய அரை மணி நேரம் ஆகும். கிட்டத்து எழுத்து சில மணி நேரம் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். அன்று பைக் ஓட்டாதீர்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரை, பொடி, கஷாயம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டர் மேசையில் கொட்டிவிடுங்கள். “கண் நல்லாத்தானே தெரியுது, எதுக்கு?” என்று வீட்டில் அப்பாவோ அத்தையோ மறுத்தால், சொட்டு மருந்து விட்டுக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால், இந்த வாரமே கூட்டிப்போய்விடுங்கள்.